கணக்கை ரசிக்க ஒரு வட்டம்: தொடங்குவது முதல் நடத்துவது வரை

கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று ஆறு பேர் கூடினால், வழக்கமாக நடப்பது இதுதான். ஒருவர் மூன்றாவது நிமிடத்தில் விடையைச் சொல்லிவிடுவார். இன்னொருவர் புரிந்ததுபோலத் தலையாட்டுவார். மற்ற நால்வரும் அடுத்த வாரம் வரமாட்டார்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் தேர்ந்தெடுத்த கேள்வியும் முதல் பத்து நிமிடம் போன விதமும்தான். இரண்டையும் சரிசெய்ய முடியும். எப்படி என்று கீழே ஒவ்வொரு படியாகச் சொல்கிறோம். முதல் சில சந்திப்புகளுக்கான கேள்விகளும், அவற்றில் எங்கே ஆட்கள் சறுக்குவார்கள் என்பதும் சேர்த்தே இருக்கின்றன.

ஆள், நேரம், பொருள்

ஐந்திலிருந்து எட்டுப் பேர் போதும். நான்குக்குக் கீழே போனால் ஒருவர் வராத நாளில் பேச்சு படுத்துவிடும். பத்தைத் தாண்டினால் வாய் திறக்காமலேயே ஒருவர் வீடு திரும்ப வாய்ப்பு உண்டு. கூடுதலாக ஆட்கள் வந்தால் இரண்டு மேசையாகப் பிரித்துவிடுங்கள்.

ஒரு சந்திப்புக்கு 75 நிமிடம், வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம். பெரியவர்கள் மட்டும் என்றால் 90 நிமிடம் வரை போகலாம். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இருந்தால் 50 நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

எல்லோருக்கும் தெரியும்படி ஒரு போர்டு, கட்டம் போட்ட நோட்டு, பென்சில், இரண்டு காம்பஸ், ஜோடிக்கு 21 வீதம் நான்கு ஜோடிக்கு 84 கூழாங்கற்கள் அல்லது பொத்தான்கள், கத்தரிக்கோல். இவ்வளவுதான். கால்குலேட்டரை ஓரமாக வைத்துவிடச் சொல்லுங்கள். ஆறாவது சந்திப்பில் மட்டும் தேவைப்படும். நாற்காலிகளைப் போர்டைப் பார்த்து வரிசையாகப் போட வேண்டாம். வரிசையாகப் போட்டாலே அது வகுப்பாகிவிடும், போர்டருகே நிற்பவர் ஆசிரியராகிவிடுவார்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

நல்ல கேள்வி படித்துறை உள்ள குளம் மாதிரி. நீந்தத் தெரியாதவர் முதல் படியில் நின்று கால் நனைக்கலாம். தெரிந்தவர் ஆழத்துக்குப் போகலாம். இருவரும் ஒரே தண்ணீரில்தான் இருக்கிறார்கள். படி இல்லாத கிணற்றைக் காட்டினால் பாதிப் பேர் கரையிலேயே நின்றுவிடுவார்கள்.

இதை மூன்று விதமாகச் சோதித்துப் பாருங்கள். கேள்வியை ஒரு நிமிடத்துக்குள், சூத்திரம் எதுவும் எழுதாமல், சொல்ல முடிகிறதா? கேட்ட இரண்டாம் நிமிடத்தில் எல்லோராலும் கையால் ஏதாவது செய்ய ஆரம்பிக்க முடிகிறதா? விடை கிடைத்த பிறகு விதியைக் கொஞ்சம் மாற்றினால் புதிய கேள்வி பிறக்கிறதா? மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வேறு கேள்வி தேடுங்கள். ஒரு தந்திரம் தெரிந்தால் உடைந்துவிடுகிற புதிர்களைத் தவிர்த்துவிடுவது நல்லது. தந்திரம் தெரிந்தவருக்கு அதில் வேலையே இல்லை, தெரியாதவருக்கு வழியே இல்லை.

கேள்வியை நடத்துபவர் முந்தைய நாள் தானே காகிதத்தில் முழுவதுமாகப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். விடையைப் படித்து வைப்பது போதாது. எங்கே கை தடுமாறியது என்று தெரிந்தால்தான், மற்றவர்கள் அங்கே வரும்போது பொறுமையாக இருக்க முடியும்.

முதல் சந்திப்பு: 21 கற்கள்

முதல் நாளுக்கு விளையாட்டுத்தான் சரி. "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லிக்கொண்டு வருபவரும் விளையாட மறுப்பதில்லை.

மேசையில் 21 கற்கள். இருவர் மாறி மாறி எடுக்க வேண்டும். ஒருமுறைக்கு 1, 2 அல்லது 3 கற்கள். கடைசிக் கல்லை எடுப்பவர் ஜெயித்தார். விதியைச் சொன்னதும் இருவர் இருவராகப் பிரித்து உடனே ஆட விடுங்கள். அறிமுகப் படலமெல்லாம் பிறகு. கல்லைக் கையில் எடுத்துவிட்டால் கூச்சம் தானே விலகும்.

முதல் 15 நிமிடம் வெறும் ஆட்டம். ஒவ்வொரு ஜோடியும் குறைந்தது ஐந்து முறை ஆடட்டும், பிறகு ஜோடி மாறட்டும். இதற்குள் யாராவது ஒருவர் "நாலு கல் மிச்சம் இருக்கும்போது என் முறை வந்தால் நான் அவ்வளவுதான்" என்று முணுமுணுப்பார். அந்த வரியை அவர் பெயரோடு போர்டில் எழுதுங்கள். அன்றைய கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்த 20 நிமிடம் போர்டில் ஓர் அட்டவணை. 0 முதல் 12 வரை எண்களை எழுதி, அத்தனை கற்கள் மீதியிருக்கையில் ஆட வேண்டியவர் ஜெயிப்பாரா தோற்பாரா என்று ஒவ்வொன்றாக நிரப்புங்கள். 0இல் இருப்பவர் தோற்றவர், ஏனென்றால் கடைசிக் கல்லை மற்றவர் எடுத்துவிட்டார். 1, 2, 3இல் இருப்பவர் எல்லாவற்றையும் எடுத்து ஜெயிப்பார். 4இல் இருப்பவர் எதை எடுத்தாலும் எதிராளிக்கு 3, 2, 1 என்று விட்டுவைப்பார், எனவே தோல்வி. இப்படிப் போனால் 4, 8, 12 தோற்கும் நிலைகள் என்று தெரியும். எதிராளி எத்தனை எடுத்தாலும் இரண்டும் சேர்ந்து 4 ஆகும்படி நீங்கள் எடுத்தால் போதும். 21இல் முதலில் ஆடுபவர் 1 கல்லை எடுத்து 20ஐ விட்டுவிட்டால் ஜெயம் உறுதி.

இங்கே மூன்று சறுக்கல்கள் வரும். முதலாவது, 21இலிருந்து கீழ்நோக்கி யோசிக்க முயல்வது. கிளைகள் பெருகித் தலை சுற்றும். முடிவிலிருந்து பின்னோக்கி வரச் சொல்லுங்கள். இரண்டாவது, "நான் ஐந்து முறை ஜெயித்தேன், என் வழி சரி" என்பது. எதிராளி தவறினாலும் ஜெயிக்கலாம். அவர் எப்படி ஆடினாலும் ஜெயிக்கிறோமா என்பதுதான் கேள்வி. இந்த வேறுபாடு முதல் நாளே பதிந்துவிட்டால் பின்னால் நிரூபணம் என்ற சொல் யாரையும் மிரட்டாது. மூன்றாவது, முதலில் ஆடுபவர்தான் எப்போதும் ஜெயிப்பார் என்று முடிவுகட்டுவது. 20 கற்களோடு ஓர் ஆட்டம் ஆடச் சொன்னால் போதும்.

மீதி நேரத்தில் விதியை மாற்றுங்கள். கடைசிக் கல்லை எடுப்பவர் தோற்றார் என்று வைத்தால் தோற்கும் நிலைகள் 1, 5, 9, 13, 17, 21. அதே கற்கள், அதே எடுக்கும் முறை, ஆனால் இப்போது முதலில் ஆடுபவர்தான் மாட்டிக்கொள்கிறார். வேகமாக முடித்தவர்களுக்கு இன்னொன்று: கடைசிக் கல்லை எடுப்பவருக்கே ஜெயம், ஆனால் 1, 3, 4 கற்கள் மட்டும் எடுக்கலாம், 2 கூடாது. தோற்கும் நிலைகள் 0, 2, 7, 9, 14, 16 என்று வரும். 7ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 2. அட்டவணை போடாமல் இதை யாரும் ஊகித்துவிட முடியாது. அட்டவணையின் அருமை அப்போது தெரியும்.

வாய்மூடி இருக்கும் கலை

நடத்துபவருக்கு மிகக் கடினமான வேலை, பேசாமல் இருப்பது. கேள்வி கேட்ட பிறகு ஒரு முழு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து, சும்மா இருங்கள். அந்த ஒரு நிமிடம் மிக நீளமாகத் தோன்றும். மெதுவாக யோசிப்பவர்கள் உள்ளே நுழைகிற நேரம் அதுதான்.

எல்லோரும் நின்றுவிட்டால் குறிப்புத் தரலாம், ஆனால் படிப்படியாக. முதலில் "இதுவரை உறுதியாகத் தெரிந்தது என்ன?" என்று மட்டும் கேட்டு அதைப் போர்டில் எழுதச் சொல்லுங்கள். பாதி நேரம் அதிலேயே வழி திறந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்தும் நகரவில்லையென்றால் சிறிய எண்ணில் அதே கேள்வியைக் கேளுங்கள். அதுவும் போதவில்லையென்றால், அவர்கள் எழுதி வைத்ததிலேயே கவனிக்காமல் விட்ட ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். முறையின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். பெயரைக் கேட்டவுடன் அதைப் படித்தவர்கள் ஒருபுறம், படிக்காதவர்கள் மறுபுறம் என்று வட்டம் இரண்டாகிவிடும்.

"சரி", "தப்பு" என்ற தீர்ப்பை நடத்துபவர் சொல்வதையும் குறைத்துக்கொள்ளுங்கள். "இதை யாராவது உடைத்துப் பாருங்கள்" என்று மற்றவர்களிடம் விடலாம். சரியான விடைக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். தவறான விடைக்கு மட்டும் கேட்டால் இரண்டே வாரத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தே விடை கண்டுபிடிக்கப் பழகிவிடுவார்கள்.

இரண்டாவது சந்திப்பு: அடுத்தடுத்த எண்களின் கூட்டல்

9ஐ 4+5 என்றும் எழுதலாம், 2+3+4 என்றும் எழுதலாம். 15க்கு மூன்று வழி: 7+8, 4+5+6, 1+2+3+4+5. எந்த எண்களை இப்படி அடுத்தடுத்த எண்களின் கூட்டலாக எழுத முடியும், எத்தனை வழியில்?

1 முதல் 30 வரை எண்களை ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக் கொடுங்கள். சின்ன எண், பெரிய எண் கலந்து கொடுங்கள். கண்டுபிடித்ததைக் கண்டுபிடித்தவரே போர்டில் வந்து எழுதட்டும். சீக்கிரமே "0வைச் சேர்க்கலாமா?" என்று ஒரு கேள்வி எழும். நீங்கள் தீர்ப்புச் சொல்லாமல், சேர்த்தால் என்ன ஆகும் என்று வட்டமே பேசி முடிவெடுக்கட்டும். 0+1=1, 0+1+2=1+2 என்று ஒரே கூட்டல் இரண்டு முறை எண்ணப்படுவதைக் கண்டதும் 0 வேண்டாம் என்று அவர்களே சொல்வார்கள்.

அட்டவணை நிரம்பியதும் 1, 2, 4, 8, 16 ஆகியவற்றுக்கு நேரே காலியாக இருக்கும். 2இன் அடுக்குகள் என்று யாராவது ஒருவர் கண்டுகொள்வார். ஏன் என்பதற்கு x, y போட்ட இயற்கணிதம் தேவையில்லை. இப்படி ஒரு கூட்டலின் விடையை இரட்டிப்பாக்கினால் அது, எத்தனை எண்கள் என்ற எண்ணிக்கையை முதல் எண்ணும் கடைசி எண்ணும் சேர்ந்த தொகையால் பெருக்கியதற்குச் சமம். எண்ணிக்கை ஒற்றையாக இருந்தால், 1ஐ விடப் பெரிய ஒற்றைக் காரணி அதிலேயே கிடைத்துவிட்டது. எண்ணிக்கை இரட்டையாக இருந்தால் முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஒற்றை, ஆகவே அவற்றின் தொகையும் ஒற்றை. எப்படிப் பார்த்தாலும் ஓர் ஒற்றைக் காரணி வந்தே தீரும். 2இன் அடுக்குகளுக்கு அது கிடையாது.

எத்தனை வழி என்பது இதைவிட அழகு. 1ஐத் தவிர எத்தனை ஒற்றைக் காரணிகளோ அத்தனை வழிகள். 30க்கு 3, 5, 15 என மூன்று. ஆனால் போர்டில் பெரும்பாலும் 9+10+11, 4+5+6+7+8 என்று இரண்டுதான் இருக்கும். மூன்றாவது எங்கே? 15 எண்களை, நடுவில் 2 வரும்படி அடுக்கச் சொல்லுங்கள்: −5இல் தொடங்கி 9 வரை. −5 முதல் 5 வரை உள்ளவை ஒன்றையொன்று அழித்துவிட, மிஞ்சுவது 6+7+8+9. அதுவும் 30தான். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். அழிகிற எண்களை ஒவ்வொன்றாக அடித்துக் காட்ட ஒருவரை அழையுங்கள். கண்முன்னே நடக்க வேண்டிய விஷயம் இது.

மூன்றாவது சந்திப்பு: ஊகம் உடைகிற இடம்

இரண்டு சந்திப்புகளில் ஒழுங்குகளைக் கண்டுபிடித்தவர்களுக்கு இப்போது கொஞ்சம் அவநம்பிக்கையும் தேவை. வட்டத்தின் மேல் சில புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு ஜோடிப் புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்தால் வட்டம் எத்தனை துண்டுகளாகும்? 1 புள்ளிக்கு 1 துண்டு, 2க்கு 2, 3க்கு 4, 4க்கு 8, 5க்கு 16. ஆறுக்கு?

எல்லோரும் 32 என்பார்கள். எழுதி வைத்துவிட்டு, வரைந்து எண்ணச் சொல்லுங்கள். வட்டத்தின் ஆரம் குறைந்தது 8 செ.மீ. இருக்கட்டும், சின்ன வட்டத்தில் துண்டுகள் கண்ணுக்குத் தப்பிவிடும். புள்ளிகள் ஒழுங்கற்ற இடைவெளியில் இருக்க வேண்டும். துண்டுக்குள் எண் எழுதிக்கொண்டே எண்ண வேண்டும், வாயால் எண்ணினால் கட்டாயம் தவறும்.

சரியான விடை 31. ஆனால் மேசையில் 30, 31, 32 மூன்றும் இருக்கும். 30 வந்தவர்களில் சிலர் புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்திருப்பார்கள்; எதிரெதிர்ப் புள்ளிகளை இணைக்கும் மூன்று கோடுகளும் மையத்தில் ஒரே இடத்தில் வெட்டி, ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். மற்றவர்கள் நடுவில் உள்ள குட்டி முக்கோணத்தை விட்டிருப்பார்கள். 32 வந்தவர்கள், வர வேண்டும் என்று விரும்பி எண்ணியவர்கள். கேலி செய்யாமல் அவர்களுடைய தாளையே எடுத்து எல்லோருமாகத் திரும்ப எண்ணுங்கள்.

காரணம்: புதிதாக ஒரு கோடு வரைந்தால், அது எத்தனை வெட்டுப்புள்ளிகளைக் கடக்கிறதோ அதைவிட ஒன்று அதிகமாகத் துண்டுகள் கூடும். ஆகவே மொத்தத் துண்டுகள் = 1 + கோடுகள் + வெட்டுப்புள்ளிகள். ஆறு புள்ளிக்குக் கோடுகள் 15. நான்கு புள்ளிகளை எடுத்தால் ஒரு வெட்டு. ஆறில் நான்கை எடுக்க 15 வழி. 1+15+15. இதே கணக்கில் ஏழு புள்ளிக்கு 57, எட்டுக்கு 99. பத்துக்கு 256, அதாவது மறுபடி 2இன் அடுக்கு! இதைப் பார்த்துப் பழைய ஊகத்துக்கு உயிர் வந்துவிட்டதாக யாராவது சொன்னால், அதையும் அவர்களே சோதிக்கட்டும்.

நான்காவதும் ஐந்தாவதும்

நான்காவது சந்திப்புக்குச் சதுரங்கப் பலகை. 64 கட்டங்களில் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டி எறிந்தால் 62. இரண்டு கட்டம் அளவுள்ள 31 சீட்டுகளால் அதை மூட முடியுமா? கட்டத்தாளை வெட்டிக் கொடுத்துப் பத்து நிமிடம் முயலவிடுங்கள். 30 சீட்டு வைத்தபின் மிஞ்சும் இரண்டு கட்டங்கள் எப்போதும் ஒரே நிறம் என்பதை யாரேனும் கவனிப்பார்கள். வெட்டிய இரண்டும் ஒரே நிறம். மீதி ஒரு நிறத்தில் 32, மறு நிறத்தில் 30. ஒவ்வொரு சீட்டும் நிறத்துக்கு ஒன்றாகத்தான் மூடும். எனவே முடியாது. தாளை வெட்டும்போதே நிறம் தீட்டிக் கொடுத்துவிடாதீர்கள். நிறம் என்ற எண்ணம் அவர்களிடமிருந்து வர வேண்டும். அடுத்த கேள்வி: வெவ்வேறு நிறத்தில் எந்த இரண்டு கட்டங்களை எடுத்தாலும் மூட முடியுமா? முடியும். எல்லாக் கட்டங்களையும் ஒருமுறை தொட்டுத் தொடங்கிய இடத்துக்கே வரும் ஒரு பாதையை வரைந்தால் காரணம் தெரியும். ரால்ஃப் கோமரி என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் கண்ட நிரூபணம் இது.

ஐந்தாவது சந்திப்பு இலகுவாக இருக்கலாம். நான்கு இலக்க எண் ஒன்று, எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதியதைக் கழிக்க வேண்டும். வந்த விடையில் இதையே திரும்பச் செய்ய வேண்டும். 3524 என்றால் 5432−2345=3087, 8730−0378=8352, 8532−2358=6174. பிறகு 6174 மாறாது. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் அங்கேதான் வந்து நிற்கும். பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் 1949இல் கண்டது. வழக்கமான தவறு, முன்னால் வரும் 0வை விட்டுவிடுவது. 2111இல் தொடங்கினால் 0999 வரும். அதை 999 என்று எழுதினால் 999−999=0 என்று முடிந்துபோகும். 0999 என்றே வைத்தால் 8991, 8082, 8532, 6174.

வட்டம் கசக்கத் தொடங்கினால்

விடை ஏற்கெனவே தெரிந்தவர் வந்திருந்தால், தொடங்கும் முன்பே தனியாக உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். அவருக்கு விதி மாற்றிய கேள்வியைக் கொடுங்கள். மற்றவர்களின் வாதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பையும் தரலாம். வாயை மூடிக்கொண்டிரு என்று மட்டும் சொன்னால் அவருக்கு அது தண்டனை.

மின்னல் வேகத்தில் கணக்குப் போடுபவரால் வரும் சிக்கல் வேறு. அவர் முடித்தவுடன் மற்றவர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். "யாருக்கு வந்தது?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "என்ன முயன்றீர்கள்?" என்று கேளுங்கள். முதல் கேள்வியில் ஒருவருக்குத்தான் இடம். இரண்டாவதில் எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

பேசாமலே இருப்பவரைப் பெயர் சொல்லி அழைத்து எழுப்பாதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு ஐந்து நிமிடம் பேசவைத்துவிட்டு, பிறகு பொதுவில் கேட்டால் அவரே சொல்லக்கூடும். போர்டில் எழுதும் வேலையைக் கொடுப்பதும் நல்ல வழி. "இது சுலபம்தான்" என்ற சொல்லை மட்டும் வட்டத்தில் யாரும் பயன்படுத்தக் கூடாது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். சொல்பவர் ஊக்கம் தருவதாகத்தான் நினைப்பார். வராதவருக்கு அது, சுலபமானதுகூட உனக்கு வரவில்லை என்று கேட்கும்.

எழுதி வைப்பது

ஒவ்வொரு சந்திப்பின் கடைசிப் பத்து நிமிடமும் எழுதுவதற்கு. ஒரு பொது நோட்டில் கேள்வி, யார் எதைக் கவனித்தார், எந்த ஊகம் எப்படி உடைந்தது, கடைசியில் நின்ற வாதம், மிச்சமிருக்கும் கேள்வி. வாராவாரம் எழுதுபவர் மாற வேண்டும். உடைந்த ஊகத்தையும் பெயரோடு எழுதுங்கள். 32 என்று ஆறு பேரும் நம்பியது அந்த நாளின் முக்கியமான பகுதி. 1894இல் ஹங்கேரியில் டேனியல் அரானி என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களுக்காகத் தொடங்கிய கணித இதழ், மாணவர்கள் அனுப்பிய தீர்வுகளையே பெயரோடு அச்சிட்டது. தன் வாதத்தை இன்னொருவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்தால் எழுத்து தானே தெளியும்.

ஆறாவது சந்திப்பு: யாருக்கும் விடை தெரியாத கேள்வி

நடத்துபவருக்கே விடை தெரியாத கேள்வி ஒன்றை வட்டம் சந்திக்க வேண்டும். ஜெர்மனியின் லோதர் கோலாட்ஸ் பெயரில் உள்ள, 1937ஐச் சேர்ந்த இந்தக் கேள்வி அதற்குப் பொருத்தம். இரட்டை எண் என்றால் பாதியாக்கு. ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டு. 6இல் தொடங்கினால் 3, 10, 5, 16, 8, 4, 2, 1. எந்த எண்ணில் தொடங்கினாலும் 1க்கு வந்து சேருமா? இன்றுவரை நிரூபணம் இல்லை.

ஆளுக்கொரு எண் கொடுங்கள், 27ஐ மட்டும் தனி ஒருவரிடம் கொடுக்காதீர்கள். அது 9232 வரை ஏறி இறங்கி, 111 படி கழித்துத்தான் 1ஐத் தொடும். ஒருவர் கணக்கிட, ஒருவர் கால்குலேட்டரில் சரிபார்க்க, ஒருவர் படிகளை எண்ண, மூவராகப் போடட்டும்.

இதை நிரூபிக்க முடியாதே என்று கைவிட வேண்டியதில்லை. ஒரு பகுதியை வட்டமே நிரூபிக்கலாம். ஓர் எண் தன்னைவிடச் சிறியதாக எப்போது இறங்கும் என்று கேளுங்கள். இரட்டை எண் ஒரே படியில் இறங்கிவிடும். 4ஆல் வகுத்தால் மீதி 1 வருகிற எண்கள், 1ஐத் தவிர, மூன்றே படியில் இறங்கும்: 13, 40, 20, 10. மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டியது இவற்றுக்கு மட்டும் 4ஆல் சரியாக வகுபடும், அதனால் இரண்டு முறை தொடர்ந்து பாதியாகும். மிச்சம் 4ஆல் வகுத்தால் மீதி 3 வருகிற எண்கள். 7 அங்கே இருக்கிறது, 27ம் அங்கேதான் இருக்கிறது. ஏழாவது சந்திப்பை அந்த எண்களில் எவை சீக்கிரம் இறங்குகின்றன என்ற அட்டவணையோடு தொடங்குங்கள்.